பென்சிலில் எழுதிய பெயர்

இன்று காலை மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது உன் பென்சில் கிடைத்தது. அந்துருண்டை டப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் தேய்ந்த துண்டு, பின்பக்கம் முழுக்க உன் பல் தடம். ஆவணம் தொடுகிற இடத்தில் எச்சில் படக் கூடாது என்று ஆய்வு மாணவர்களை விரட்டுகிறவள் நீ. பென்சிலைக் கரும்பு மாதிரி கடிக்கிறவளும் நீதான். சிரிப்பு வந்தது. அதன் பிறகு கண் கலங்கியதற்கு அந்துருண்டை நெடி காரணம் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

நீ போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளும் முடிந்துவிட்டது. உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரியும். ஆனால் இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது என்றும் எனக்குப் புரியவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் ஒரே ஒரு பகுதிநேர வேலை, அதையும் இரண்டாகப் பிளந்து நம் இருவருக்கும் கொடுத்தார்கள். வாரத்தின் முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. ஒரே மேசை, ஒரே நாற்காலி, பீரோவுக்கு ஒரே சாவி. இன்னொரு சாவி செய்து தாருங்கள் என்று நாம் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, நீ அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து டீக்கடை ஓரமாக நிற்பாய். சனிக்கிழமை நான் நிற்பேன். சாவி கைமாற ஒரு நிமிடம் போதும். நாம் அதை டீ, பஜ்ஜி, உன் பஸ் கிளம்பும்வரை பேச்சு என்று ஆக்கிவிட்டோம். பேச்சு சுவாரசியத்தில் சாவி மாறாமலே ஆளுக்கொரு பக்கம் போனதும் உண்டு. மறுநாள் காலை நூலக வாசலில் நின்றுகொண்டு நீ போன் செய்வாய்.

"இன்னாடி, சாவிய பைலயே போட்டுக்கினு வூட்டுக்குப் பூட்டியா?"

அடுத்த பஸ்ஸில் நான் சாவியோடு ஓடி வருவேன். வந்ததே வந்தாய், உட்கார் என்பாய். நாம் சேர்ந்து வேலை பார்த்த நாட்களில் பாதி அப்படி வந்தவைதான்.

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவை மூடினார்களே, அதன் உரிமையாளரின் மகன் படங்களைச் சாக்கில் கட்டி நம் பிரிவுக்குக் கொடுத்தார். எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது அவர் அப்பாவின் வழக்கமாம். கல்யாண ஜோடிகள், மொட்டையடித்த பிள்ளைகள், குப்புறக் கிடக்கிற குழந்தைகள், வேலைக்கு மனுப் போடுகிற முகங்கள். பின்னால் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. எல்லோருக்கும் முதுகுப்பக்கம் திரையில் வரைந்த ஓர் ஏரி, அதில் ஓர் அன்னம். வாசலில் எட்டிப் பார்த்தால் நிஜமான ராஜகிரி மலை நிற்கிறது, இவர்கள் கண்ணால் காணாத ஏரிக்கரையில் போய் நின்றிருக்கிறார்களே என்று நான் ஆச்சரியப்பட்டேன். தினம் பார்க்கிற மலையை எவள் போய்ப் படம் பிடிப்பாள் என்று நீ ஒரே பேச்சில் முடித்துவிட்டாய்.

நம் வேலையில் முதல் விதி, ஆவணங்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதைக் கலைக்கக் கூடாது என்பது. அடுக்கி வைத்தவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். நமக்குப் புரியாததாலேயே அது இல்லாமல் போய்விடாது. சாக்கில் வந்த இந்தப் படங்களுக்குக் காப்பாற்ற வரிசையே இல்லை. ஆகவே வரிசைப்படுத்துவதை நீ எடுத்துக்கொண்டாய், ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதுவதை என் தலையில் கட்டினாய். இரண்டாவது விதி, எதுவானாலும் பென்சிலில் எழுத வேண்டும். நான் பழக்கதோஷத்தில் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுவாய்.

"பேனாவுல எழுதினா நீயே தீர்ப்பு சொன்னா மாதிரி. பென்சில்ல எழுது. தெரிஞ்சவங்க வந்து அழிச்சிக்குவாங்க."

என் நைனா போட்டிருந்த கோட்டின் ரகசியம் முதலில் உன் கண்ணில்தான் பட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் நைனாவின் கல்யாணப் படம் ஒன்று தொங்குகிறது, நீ பார்த்திருக்கிறாய். நைனா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். படத்தில் மட்டும் கோட்டு போட்டு, கை விரல்கள் உள்ளே மறைந்து, கம்பீரமாக நிற்பார். கல்யாணத்துக்கென்று தைத்தது என்றே அம்மா சொல்லி வந்தாள். அந்தப் படத்தின் பிரதி சாக்கிலிருந்து வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ இன்னொரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாய். அதே கோட்டு. நடுவில் நிறம் ஒட்டாத அதே பொத்தான். உள்ளே உன் அப்பா.

ஸ்டுடியோக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்த இரவல் கோட்டு அது. என் முகம் தொங்கிப்போயிற்று. நீயோ மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாய்.

"உங்க நைனா கழட்டிக் குடுத்துட்டுப் போனதத்தான் எங்கப்பா மாட்டிக்கினாரு போலக்குதுடி. நம்ம நாற்காலி மாதிரிதான்."

பிறகு நானும் சிரித்தேன். பார்க்கப் பார்க்க அந்தப் பொத்தான் எங்கெங்கோ கிடைத்தது. மிராசுதார் போல மீசை வைத்த ஒருவர் மேல், பள்ளிக்கூட வாத்தியார் போல ஒருவர் மேல், எங்கள் காலனித் தாத்தா ஒருவர் மேல். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம் அது. கோட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அதைக் கண்டுபிடித்த பிறகு நீ வழக்கமான முறையில் அடுக்கவே இல்லை. கோட்டு போட்டவர்கள் ஒரு பெட்டி, ஸ்டுடியோ கைக்கடிகாரம் கட்டியவர்கள் ஒரு பெட்டி, அங்கே இரவல் கொடுத்த துணிப் பூங்கொத்தைப் பிடித்தவர்கள் இன்னொரு பெட்டி. இரவல் பொருளை வைத்து ஊரையே அடுக்கினாய். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் உனக்கு.

அப்புறம்தான் உன் மூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்து, தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் போயே தீருவேன் என்று நீ திரும்பி வந்தாய். பஸ் ஸ்டாண்டில் ஒரு சனிக்கிழமை சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, டீ குடித்து முடித்ததும், சாவியைக் காணோமே என்று பையைக் கவிழ்த்துத் தேடினாய். அன்றிலிருந்து உன் நாட்களிலும் நான் வர ஆரம்பித்தேன். வேலை அதிகமாக இருக்கிறது என்று உன்னிடம் புளுகினேன். நீ நம்பினாயா என்பதுகூட எனக்குத் தெரியாது.

நான் கேட்க வந்தது அந்த நாட்களில் ஒன்றைப் பற்றித்தான். கடைசிப் பெட்டியை நீ அடுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு படத்தைத் தூக்கி என்னிடம் காட்டினாய்.

"இது யாருடி, இவ்ளோ சோக்கா இருக்கிறாரு?"

உன் அப்பாவின் படம். என்னைச் சீண்டுகிறாய் என்றுதான் நினைத்தேன், நீ சீண்டாத நாள் உண்டா? பதிலுக்கு நானும் சீண்டி, உன் மாமனார்டி என்றேன். நீ சிரித்தாய். ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டிக்குள் வைத்தாய். விளையாட்டுக்குக் கேட்டாயா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாயா? அந்தச் சிரிப்பை எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, அடுத்த நாள் வேறு மாதிரி.

போன மாதம் நூலகர் கூப்பிட்டு, படங்களை ஸ்கேன் செய்ய ஆள் வரப்போகிறது, அதற்குள் ஒழுங்காகப் பிரித்துவிடுங்கள் என்றார். கல்யாணம் தனி, குழந்தை தனி, பாஸ்போர்ட் அளவுப் படம் தனி. இப்போது இருக்கிற வரிசையில் என்ன கணக்கு என்று கேட்டார். மற்ற பெட்டிகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது, அவரும் ரசித்துக் கேட்டார். கடைசிப் பெட்டியின் கணக்கு எனக்கே பிடிபடவில்லை. ஒரு நாய், அதன் பக்கத்தில் பள்ளிக்கூடக் குழு, அதை அடுத்து யாருமே இல்லாத வெறும் ஏரித் திரை. கோட்டுப் பெட்டியில் என் நைனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய உன் அப்பா இங்கே கிடக்கிறார். அவரை ஒட்டி ஒரு கைக்குழந்தை, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

உனக்குக் கைக்குழந்தைப் படமே இல்லை என்று டீக்கடையில் நீ ஒருமுறை குறைபட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், என் நிம்மதி போய்விட்டது. நீயே உன்னைக் கண்டுபிடித்து உன் அப்பா பக்கத்தில் வைத்தாயா? அல்லது அப்பாவையே அடையாளம் தெரியாமல், கைக்கு வந்த படத்தோடு செருகினாயா? உன் புத்தி எந்தப் படத்தோடு நின்றது, நோய் எந்தப் படத்தில் ஆரம்பித்தது என்று பெட்டிக்குள் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ செய்தது வரிசை என்றால் நான் கலைக்கக் கூடாது. நோய் செய்தது என்றால், உன் அப்பாவை என் நைனாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கல்லறைத் திருநாளில் உங்கள் ஊருக்குப் போனேன். உன் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி காற்றில் அணைய அணைய உன் அம்மா மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனில் அந்தக் குழந்தையைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். குப்புறப் போட்டு எடுத்தால் எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். உன்னை ஸ்டுடியோவுக்கு அப்பா தூக்கிப்போனது நிஜம்தானாம். படம் வீட்டுக்கு வந்த ஞாபகம் இல்லையாம். அப்படியென்றால் இது அவள்தானா அம்மா என்று விடாமல் கேட்டேன்.

"அவளாத்தான் இருக்கட்டுமே. உனுக்கு இன்னா கொறஞ்சி போவுது?"

சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள். திரை அணைந்தபோதெல்லாம் என்னிடம் நீட்டி, மறுபடி வரவழைக்கச் சொன்னார்கள்.

மறுநாள் நூலகத்தில் உன் அப்பாவை வெளியே எடுத்தேன். கோட்டுப் பெட்டியைத் திறந்து நைனாவின் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். ரொம்பப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் குழந்தை தனியாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்த இடத்திலேயே அவரைத் திரும்ப வைத்துவிட்டு நூலகரிடம் போய், வரிசையை மாற்ற வேண்டாம், இருக்கிறபடியே ஸ்கேன் செய்யட்டும் என்றேன். காரணம் கேட்டார்.

"தெரியல சார். தெரியாததாலதான் சார் கலைக்க வேணாங்கறேன்."

அதையே விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள் என்றார். எழுதினேன். 'இவ்வரிசை முன்னாள் பணியாளர் அமைத்தது. காரணம் முழுவதும் தெரியவில்லை.' உன்னைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான் என்று நினைத்தபோது தாங்கவில்லை.

அந்தக் குழந்தைப் படத்தின் பின்பக்கத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தேன். 'பெயர் தெரியவில்லை' என்று எழுதுவதுதான் முறை. தினம் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று இழுப்பறையில் உன் பென்சில் கிடைத்துவிட்டது.

இப்போது வாரம் முழுவதும் எனக்குத்தான் வேலை. சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைத் துழாவி எடுத்துவிடுகிறது. எடுத்த பிறகுதான் எதற்கு என்று விழிக்கிறேன். அந்தப் பைக்குள்தான் இனி இந்தப் பென்சில் துண்டும் இருக்கும்.

அதைக் கொண்டுதான் அந்தக் குழந்தையின் பின்னால் உன் பெயரை எழுதியிருக்கிறேன். மெதுவாக, அழுத்தாமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு. தப்பா இருந்தா வந்து அழிச்சிட்டுப் போடி.