பெல்ட்டில் வந்த பெர்மியன் இலை

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஏழு வருடமாக அனல் மின் நிலையத்தின் நிலக்கரி பெல்ட்டில் கல் பொறுக்குகிறேன். இன்று புத்தி கெட்டுவிட்டது. ஒரு கறுப்புக் கல்லில் இலை, நரம்பு நரம்பாக! கிரஷர் வாய்க்கு இரண்டடிதான் பாக்கி. அவசரக் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்திவிட்டேன்.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் ஓடி வந்தார். “கை கிய் மாட்டிக்கிச்சா?”

“இல்ல சார், இலை.”

“இலைக்கா கயித்த இஸ்த? பெரிய பேஜாரும்மா உன்னோட!”

கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். திங்கட்கிழமை மேனேஜரிடம் காரணம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டால்தான் வேலை. கல்லை மட்டும் விடவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

5 பிப்ரவரி

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கல்பனாவை கேட் வாசலில் பிடித்துக் காட்டினேன்.

“அக்கா, இது பெர்மியன் காலம். இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு மேல ஆவுது. டைனோசரே அப்போ பொறக்கல,” என்றாள். ஒரிசாவில் அன்று நின்ற காடுதான் நம் பெல்ட்டில் நிலக்கரியாக ஓடுகிறதாம். இத்தனை வருடம் ஒரு காட்டின் பக்கத்திலா நின்றுகொண்டிருந்தேன்?

நாக்கு மாதிரி நீண்ட இலை. நடுவில் ஒரு நரம்பு, இரு பக்கமும் வலை. அப்போதே என்ன நேர்த்தி! சோறு ஆறியதுகூடத் தெரியவில்லை.

கிளம்பும்போது கல்பனா சொன்னது: “மேனேஜர்கிட்ட இத்த காட்டுக்கா. அதான் சாட்சி.”

7 பிப்ரவரி, வெள்ளி

வீடு கழுவினேன். இத்தனை வயதான கல்லை மட்டும் அழுக்கோடு வைப்பதா? மஞ்சள் தண்ணீரில் முக்கி வைத்திருக்கிறேன். காலையில் குங்குமம் வைக்க வேண்டும்.

8 பிப்ரவரி

போச்சு. கல்லு ஊறி, ஏடு ஏடா உரிஞ்சி, இலை தூளா பூட்ச்சி. இருபத்தஞ்சு கோடி வருஷம் தாங்கினத ஒரே நாள்ல கெடுத்துட்டேனே, பாவி! திங்கக்கெழம இன்னாத்த காட்டுவேன்?

10 பிப்ரவரி, திங்கள்

மிச்சத்தையாவது காட்டுவோம் என்று துணியில் சுற்றிப் போனேன். மேஜையில் வைத்ததும் இன்னொரு ஏடு கழன்றது. அடியில் இரண்டு இலைகள் – முழுசாக!

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மோகன்ராஜும் குனிந்தார்.

பாஸ் கிடைத்தது. இனிமேல் இலைக்காகக் கயிற்றைத் தொட்டால் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கையும் கிடைத்தது. போகட்டும். பெர்மியனே, என் மானத்தைக் காப்பாற்றினாய்.

27 பிப்ரவரி

காலையில் பெல்ட் நின்றது. நான் இல்லை என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

கயிற்றை இழுத்தவர் மோகன்ராஜ். கையில் ஒரு கல்லோடு வந்தார். “தமிழ்செல்வி, தண்ணில மட்டும் போட்றாத. இது இன்னா இலைன்னு பாரு.”