இயல்பைவிடக் குறைவு

மே 6

அன்பு மகளுக்கு,

இங்கு மழையைத் தவிர எல்லோரும் நலம். உன் அலுவலகம் வெளியிட்ட கோடைக்கால மழைக் கணிப்பைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். 'ஜூன் இறுதிவரை மழை இயல்பைவிடக் குறைவு. விதைப்பைத் தள்ளிப்போடுவது நல்லது.' கீழே உன் கையெழுத்து.

ஏழு மாதமாக வானம் பொய்த்துக் கிடக்கிறது. அதைச் சொல்ல ஓர் ஆபீஸ் வேண்டுமா? விதைக்கடைக்காரர் எல்லோர் முன்னாலும், "உங்க பொண்ணு வாயைத் திறந்தா வர்ற மேகமும் திரும்பிப் போயிடும்போல" என்கிறார். நான் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். நாற்பது வருடமாக மே கடைசியில் மக்காச்சோளம் விதைக்கிறவன். அந்த வரியைக் கொஞ்சம் தணித்து எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா

மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கழுத்து வலி தேவலை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

முப்பத்திரண்டு இடங்களில் மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். இருபத்தொன்பதில் முழங்கை ஆழம்வரை ஈரமே இல்லை. காற்றும் கடல் பக்கமிருந்து வரவில்லை, காய்ந்த நிலத்தின் மேலிருந்தே வீசுகிறது. உப்பைக் குறைத்துப் போட இது குழம்பு இல்லை அப்பா.

விதைக்காதீர்கள். ஊர் கேட்காவிட்டாலும் நீங்களாவது கேளுங்கள்.

உங்கள் மகள்

மே 20

அப்பா,

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பதில் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

இன்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு மனுவை நீட்டினார். கணிப்பைத் திருத்த வேண்டும், எழுதியவரை மாற்ற வேண்டும் என்று உங்கள் சங்கம் எழுதியது. முதல் கையெழுத்து உங்களுடையது. நீங்கள் எனக்கு யார் என்று அவருக்குத் தெரியாது.

"ஒரே ஒரு சொல்தானேம்மா. குறைவுங்கறதை 'ஏறக்குறைய இயல்பு'ன்னு போட்டுடுங்க. எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க."

"மழை பெய்யாது சார்."

"அதை அப்போ பாத்துக்கலாம்."

"அப்போ விதை மண்ணுக்குள்ள இருக்கும். நான் மாத்த மாட்டேன். வேணும்னா நீங்க கையெழுத்துப் போட்டு வெளியிடுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. கணிப்பு அப்படியே நிற்கிறது. என்னை மட்டும் கீழ்த்தளத்தில் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார். ஜன்னல் கிடையாது. வானத்தைப் பார்க்க மூன்று மாடி ஏற வேண்டும். தினமும் ஏறுகிறேன்.

மனுப் போடுவது உங்கள் உரிமை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம்.

மகள்

ஜூன் 24

அன்பு மகளுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

மே கடைசியில் ஒரு தூறல் போட்டது. நான் விதைத்தேன். என்னைப் பார்த்து ஊரே விதைத்தது. விரல் உயரம் முளைத்தது. பிறகு அத்தனையும் காய்ந்து, தொட்டால் நொறுங்குகிறது.

நேற்றுச் சங்கத்தில் இன்னொரு மனு தயார் செய்திருந்தார்கள். வானிலை அலுவலகம் எங்களை எச்சரிக்கவே இல்லை என்று. பேனாவை முதலில் என்னிடம்தான் கொடுத்தார்கள்.

"எச்சரிக்கலன்னு எந்த முகத்தோட எழுதறது? எச்சரிச்சவளைத்தானே தூக்கச் சொன்னோம். முதல் கையெழுத்து என்னுது. அவ என் மக" என்றேன்.

உன் கணிப்பைப் பலகையிலிருந்து எடுத்து முழுதாக வாசித்தேன். தலைவர் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் மேலதிகாரிக்கும் நடந்ததை எழுதிவிட்டேன்.

பாதி விதை மீதி இருக்கிறது. ஜூலை முதல் வாரம் மழை வரும் என்று நீ ஒரு வரி எழுது. என் மகள் சொன்னாள் என்று சொல்லி எல்லோரையும் விதைக்க வைக்கிறேன். இந்த முறை உன் பேச்சைத் தாண்ட மாட்டோம்.

அப்பா

ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேலதிகாரி படித்தார். பிறகு கோப்பில் வைத்துவிட்டார். நான் இன்னும் கீழ்த்தளத்தில்தான். அதனால் என்ன, படியேறிப் பழகிவிட்டது.

நீங்கள் கேட்ட வரியை எழுத மாட்டேன். ஜூலை இருபதுக்கு மேல் மழைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சங்கம் மனுப் போட்டபோது கூட்டிச் சொல்லாத மழையை, அப்பா ஆசையாகக் கேட்டார் என்று இப்போது கூட்டிச் சொல்ல முடியாது. ஊரிலும் இதையே சொல்லுங்கள். கோபப்படுகிறவர்கள் என் மேல் கோபப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வயலில் நாம் இருவரும் சேர்ந்து தோண்டிப் பார்ப்போம். அதுவரை விதை மூட்டையை அவிழ்க்காதீர்கள்.

உங்கள் மகள்