சிந்தியது: இரண்டு லிட்டர்

ஜூன் 9, 2025
அந்தோணியார் மேல் ஆணையாக ஒரு கதை எழுதப்போகிறேன். ஒரு வரியைக்கூட யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் பால் சங்கத்தின் செயலாளரும் ஏகச் சக்கரவர்த்தியுமான வின்சென்ட், அதாவது நான், இன்று ஒரு பெண்ணிடம் தோற்றான். உமாதேவி, புதிய தணிக்கையாளர். முன்பு வந்தவர், ஓடைப்பட்டித் திராட்சை ஒரு பெட்டி ஜீப்பில் ஏறியதும் கையெழுத்துப் போடுவார். இந்தம்மா ஒரு பழத்தைத் தொடவில்லை. காலை ஐந்தரைக்கே வந்து தராசுப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

கொழுப்பு பார்க்க, பால் ஊற்றும் ஆளுக்கு ஒரு கரண்டி சேம்பிள் பால் எடுப்போம். பார்த்தது போக தினம் இரண்டு லிட்டர் மிஞ்சும். அதை விற்று வரவு வைக்கவேண்டும். நாலு வருஷமாக என் பேரேட்டில் ‘சிந்தியது’ என்றிருக்கிறது.

"தினமும் அளந்து வச்ச மாதிரி ரெண்டு லிட்டர்தான் சிந்துமா சார்?"

மேகமலையிலிருந்து நாற்பது யானை இறங்கும், பிளிறலில் கேன் சாயும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூன் 10
பால் வந்தது. போனது.

ஜூன் 12
கொழுப்பு பார்க்கும் பாண்டீஸ்வரி, ஆள் இல்லாத நேரமாகச் சொன்னாள்: "மாமா, அத்தைக்குத்தான் கொண்டுபோனேன்னு சொல்லிருங்க. அந்தம்மாவும் மனுசிதான."

நாலு வருஷம் என் மனைவி ரீட்டா படுக்கையில். பாலைத் தவிர எதுவும் உள்ளே தங்கவில்லை. என் சம்பளம் மாத்திரையோடு சரி. மார்ச் பத்தாம் தேதி போய்விட்டாள். இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. வருமா?

ஜூன் 14
ஓலை வந்துவிட்டது. ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டவேண்டும். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை போகும். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். உமாதேவியின் கணக்கு சரி. என் பேரேட்டை இத்தனை அக்கறையாக யாரும் படித்ததே இல்லை.

ஜூன் 18
நாற்பது யானைகளையும் காட்டுக்கு அனுப்பிவிட்டேன். மார்ச் பத்தில் சாகும்வரை மனைவி குடித்தாள், பணத்தைத் தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். உமாதேவி இரண்டு தடவை படித்தாள். பிறகு மெதுவாக, "மார்ச் பத்துக்கு அப்புறமும் எழுதியிருக்கீங்களே சார். அதை யார் குடிச்சது?"

எழுந்து வந்துவிட்டேன். உங்களுக்கான பதிலை இங்கே எழுதிவைக்கிறேன் — யாரும் குடிக்கவில்லை. கால் பழக்கத்தில் கேனோடு வீட்டுக்குப் போகும். கட்டில் பக்கம் கொஞ்சம் நிற்பேன். பிறகு சாக்கடையில் ஊற்றிவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்ப்பேன். நீங்கள் வந்த நாள்வரை, தொண்ணூற்றொரு நாள்.

பேரேட்டில் அந்தத் தொண்ணூற்றொரு வரி மட்டும் உண்மை, அம்மா. சிந்தியதுதான்.