இடது உள்ளங்கால்

ஏப்ரல் 11

சேதுராமன் சுவரில் சாய்ந்துகொண்டு வேட்டி கட்டினான். ஏன் என்று கேட்டேன்.

"கால் மரத்துப் போச்சுடி. வாயு."

நான் வாழ்க்கைப்பட்டது பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமக்கிற குடும்பம். தோள் காய்த்திருப்பதை எல்லோருக்கும் காட்டுகிறவன். இதை மட்டும் ஏன் மறைக்கிறான்?

ஏப்ரல் 14

தில்லைநகரில் ஸ்கேன். இடுப்பருகே முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது, பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். காலில் பலம் குறைந்தால் ஆபரேஷன். தாமதித்தால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் சேது சொன்னான்: "அடுத்த வாரம் புறப்பாடு. பெருமாள் எடையில சேர மாட்டார்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 17

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிய வலி முழுசாகப் போய்விட்டதாம்.

பயிற்சி சொல்லித்தரும் லிசிக்கு போன் செய்தேன். "ஒரு தடவைதான் வந்தாருங்க." அப்படியானால் பயிற்சி என்று சொல்லிவிட்டு தினமும் சாயங்காலம் எங்கே போகிறான்?

கேட்டேன். "உனக்கு நம்பிக்கை கிடையாது" என்றான். யார் மேல் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 21

புறப்பாடு முடிவதற்குள் உச்சி வெயில். நான் பெருமாளைச் சேவிக்கவில்லை. பல்லக்கின் கீழே வெறுங்காலுடன் வந்தவனின் நடையைத்தான் பார்த்தேன். தடுமாற்றமே இல்லை. சாயங்காலங்களில் இதற்குத்தான் பழகியிருக்கிறான் போலிருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டில் காலை நீட்டினான். "வலது கால் எரியறது. ஏதாவது தடவேன்."

கொப்புளம் இடது காலில். உள்ளங்கால் முழுக்க. உடைந்து தோல் தொங்கியது. வலதில் வெறும் சிவப்பு.

"இது வலிக்கலையா?"

"எது?"

இடது காலை மடக்கிக் காட்டினேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

தெருவே கொதிச்சுதே. இவனுக்குத் தெரியவே இல்லையே —

ஏப்ரல் 22

டாக்டர் நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றான். பலம் இருக்கிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். இனி ஒழுங்காக இருப்பாயா என்று நான் கேட்டதற்குத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

மே 9

லிசி வீட்டுக்கே வருகிறாள். நான் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியதைப் பார்த்துவிட்டாள். "முட்டியை மடக்குங்க. வீட்டுக்கு ஒரு பேஷன்ட் போதும்." சேது பாயில் படுத்தபடி சிரித்தான். அவள் போனதும் பயிற்சியை நிறுத்துகிறானா என்று கதவுக்குப் பின்னால் நின்று கவனித்தேன். நிறுத்தவில்லை. நான் நிற்பது தெரிந்திருக்குமோ?

ஜூன் 6

கண்ணை மூடச் சொன்னேன். பேனாவின் பின்பக்கத்தால் இடது கால் விரல்களைத் தொட்டேன். சுண்டுவிரல் என்றான். சரி. கட்டைவிரல் என்றான். அதுவும் சரி.

ஊகிக்கிறானோ?

பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்: "இப்ப எது?"

கண்ணைத் திறக்கவில்லை.

"நீ இன்னும் தொடலைடி."