கினுயோவுக்குக் குரல் கொடுத்த தேசம்மா அக்காவுக்கு

என் உயிரான அக்கா,

நேற்று சாயங்காலம் உன் குரலைக் கேட்டேன். குரோம்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரரின் டிவியில் அந்த ஜப்பான் கார் பந்தயக் கார்ட்டூன் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பாதை வளைவில் டயர் கிறீச்சிட்டது, ஒரு கார் பள்ளத்தில் இறங்கியது, அப்புறம் நீ வந்தாய். "டேய், வண்டி ஓட்டச் சொன்னா வயலு உழுதுகினு கீறியா?"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இது எங்க அக்கா" என்றேன். அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நெஜமாவா மேடம்?" என்று கேட்டு, ஜெராக்ஸ் மிஷினை அப்படியே விட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் தெரியுமா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. அந்தக் கதையில் இளவட்டங்கள் மலைப்பாதையில் கார் பந்தயம் விடுவார்கள். கதாநாயகன் ஒரு வெள்ளைக் கார் பையன். கினுயோ அவனுக்கு உறவும் இல்லை, எதிரியும் இல்லை. தலையில் துணி கட்டிய, ஐம்பது வயதுப் பெண். பள்ளத்தில் விழுந்த கார்களைக் கொக்கி போட்டு இழுக்கும் லாரியை ஓட்டுகிறவள். ஒரு பந்தயத்திலும் ஓடாதவள். ஓடி விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிறவள். தமிழில் அவளுக்குப் பேசியது நீ.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை நான் எழுதியாக வேண்டும். நீ ஒருநாளும் யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

அஸ்தினாபுரத்தில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன நாள். என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ பலகாரத் தட்டோடு வந்து, "இன்னாம்மா, சும்மா குந்திகினு கீறீங்க, துன்னுங்க" என்றாய். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உன்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "அக்கா, இங்க கொஞ்சம் நல்லாப் பேசேன்" என்றேன்.

நீ தட்டை என் கையில் கொடுத்தாய். அன்று பந்தி முடியும்வரை வாயைத் திறக்கவே இல்லை. புறப்படும்போதும் தலையை மட்டும் ஆட்டினாய். கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கீழ்க்கட்டளையில் கூடையை இறக்கி, கூவிக் கூவி மீன் விற்ற வாய் அது. அந்த வாய்தான் என்னை டீச்சர் ஆக்கியது. அதைத்தான் நான் மூடச் சொன்னேன். ஏழு மாதம் நீ என் வாசலை மிதிக்கவில்லை.

ரகு சார் உன்னிடம் வெகுநாளாக மீன் வாங்குகிறவர். வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதி, குரல் சேர்க்கிற வேலை அவருக்கு. அது உனக்குத் தெரியாது. ஒருநாள் காலை ஒரு மினி லாரி ரிவர்ஸில் வந்து, உன் கடையோரக் கால்வாயில் சக்கரத்தை இறக்கிவிட்டது. நீ கடையை விட்டு எழுந்து, பலகை கொண்டுவரச் சொல்லி, நான்கு ஆட்களைப் பிடித்து, டிரைவரைத் திட்டிக்கொண்டே வண்டியை மேலே ஏற்றினாய். ரகு சார் மீன் பையைத் திறந்தபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அம்மா, டிவில பேச வர்றீங்களா?"

"மீன் கெட்டுப்போயிருந்தா நேரா சொல்லு சார். டிவில இன்னாத்துக்குப் போடுற?"

இதை அவர் யாரைப் பார்த்தாலும் சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாய். கையில் சுருட்டிய தாள்கள். ஏழு மாதமாக ஒன்றுமே நடக்காதது மாதிரி, "டீச்சர், இத்தக் கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்றாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நீ. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் படம் ஓடிவிடும் என்று பயம். முதலில் பெயரைப் படித்தேன். "கினுயோவா? பேர்லயே கினு கீது. நம்ம ஊரு பொம்பளதான்" என்றாய்.

நான் வசனத்தைப் படித்தேன். "இளைஞனே, கவலை வேண்டாம். உன் வாகனத்தை நான் மீட்டுத் தருகிறேன்."

"இப்டிப் பேசிகினு இருந்தா வண்டி எப்ப மேல வரும்?" என்று கேட்டுவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினாய். பிறகு சொன்னாய். "கீய எறங்கு கண்ணு. உசுரு கீதுல்ல? வண்டி கெடக்குது, வுடு."

நான் தாளை மடியில் வைத்தேன். "அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"எத்தச் சொல்ற? அடுத்த பேப்பர எடு" என்றாய்.

குழந்தைகள் பார்ப்பதற்கு இந்தப் பேச்சு சரிப்படாது என்று மேலே யாரோ சொன்னார்களாம். ரகு சார் தயங்கித் தயங்கி, கொஞ்சம் மாற்றிப் பேச முடியுமா என்று உன்னைக் கேட்டார். "அந்தம்மா லாரி ஓட்டுது சார். லாரி ஓட்டுற மாரிதான் பேசும். வேணான்னா வேற ஆளப் பாரு, எனக்கு மீன் கீது" என்று சொல்லிவிட்டாய். என்னால் அப்படி யாரிடமாவது சொல்லியிருக்க முடியுமா? எப்படி வந்தது உனக்கு அந்தத் தைரியம்? ரகு சார் மேலே பேசி, உன் பேச்சையே வைத்துக்கொண்டார்.

கோடை விடுமுறையில் ஒருநாள், குரல் பதிவு செய்கிற ஸ்டுடியோவுக்கு உன்னோடு நானும் வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நானும் ரகு சாரும். அன்றைய காட்சியில் பனிமூட்டத்தில் பையனின் வெள்ளைக் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு போய்விட்டது. விடிகிற நேரம். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதையோரம் நிற்கிற கினுயோ, மேலே ஏறிவரும் ஒவ்வொரு வண்டியையும் கை காட்டி நிறுத்துகிறாள். "ஐயோ மகனே" என்று கதறி அழ வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது.

நீ படத்தை இரண்டு தரம் போடச் சொன்னாய். "சார், அது அழுவல. வர்ற வண்டியெல்லாம் நிறுத்திகினு கீது. நிறுத்தி இன்னா கேக்கும்? பாத்தியான்னுதானே கேக்கும்?"

"சரிம்மா. நீங்க எப்படிப் பேசுவீங்க?"

"படத்தப் போடு."

"ண்ணா, வெள்ள வண்டி. சின்னப் பையன். பாத்தீங்களா?" முதல் வண்டி போயிற்று. "ண்ணா, வெள்ள வண்டி. சின்னப் பையன். பாத்தீங்களா?" மூன்றாவது வண்டிக்கும், நான்காவது வண்டிக்கும் அதே வார்த்தை. குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. ரகு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று எனக்கு ஆறு வயது, உனக்குப் பதினைந்து. நான் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ அழவில்லை. கரையேறிய ஒவ்வொரு படகிடமும் போய் நின்றாய். "ண்ணா, நீலப் படகு. ஒத்த ஆளு. பாத்தீங்களா?" அன்றைக்கு முழுக்க, மறுநாளும்.

கார்ட்டூனில் அந்தப் பையன் பிழைத்துவிட்டான். ஒரு மரத்தில் கார் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் அப்பாவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இவன் வந்துட்டான்ல. அது போதும்" என்றாய்.

அது ஒளிபரப்பானதும் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். என் வகுப்புப் பசங்கள் பெஞ்சுக்கடியில் விழுந்த பேனாவை எடுக்கும்போதுகூட "உசுரு கீதுல்ல?" என்று கேட்டார்கள். கதாநாயகனை மாதிரி பேச ஒருவனும் ஆசைப்படவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு உன்னைக் கூப்பிட வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே என்னிடம் வந்து கேட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் பச்சைப் பட்டுப்புடவையில் நின்றாய். என் காதருகே குனிந்து, "இங்க எப்டிப் பேசட்டும்?" என்று கேட்டாய். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாய். அதுதான் என்னை அறுத்தது.

"உன்ன மாதிரியே பேசு அக்கா."

மைக்கைப் பிடித்தாய். "நான் அஞ்சாவதுதான் பட்ச்சேன். எந்தங்கச்சி டீச்சரு. அவதான் எனக்கு வசனம் பட்ச்சுக் காட்டுனா. கை தட்டுறதுன்னா அவளுக்குத் தட்டுங்க. பெர்சானா வண்டிய மெதுவா ஓட்டுங்க. நான் ஒருத்தி எத்தினி பேரத்தான் இழுப்பேன்?" மைதானமே அதிர்ந்தது. புது வீட்டில் அன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே, அவர்களில் ஒரு டீச்சர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எனக்கே என்மேல் இருந்தது, அன்றோடு அதுவும் போயிற்று.

காய்ச்சல் என்று படுத்த மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை.

வரும் ஞாயிறோடு ஒரு வருஷம். கடற்கரையில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா மகன் முருகன் போன் செய்தான். "க்கா, நோட்டீசுல மீன் வியாபாரம்னு போடட்டா, டிவில பேசுனதப் போடட்டா?" இரண்டையும் போடு, மீனை முதலில் போடு என்றேன். நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்?

என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் "இளைஞனே, கவலை வேண்டாம்" மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். காலேஜில் சேர்ந்த நாளோடு நான் விட்ட பேச்சை இப்போது கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்க்கிறேன். "கீது" வந்துவிடுகிறது, "வந்துகினு"தான் தடுக்குகிறது. வெளியே நின்று என் மகள், "அம்மா, யார்கிட்ட பேசிட்டு இருக்கே?" என்று கேட்டாள். "பெரியம்மாகிட்ட" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் முன்னால் நம்ம பேச்சிலேயே பேசுவேன், அக்கா. இது சத்தியம். தப்பாக வந்தால் நீ சிரித்துக்கொள். முதல் வரி மட்டும் இப்போதே தயார்: "தேசம்மா தங்கச்சி வந்துகீறேன்."

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி