பாடு கூட்டத்தில் உன் பேர்

தாரண வருஷம், மார்கழி மாதம், பழவேற்காடு.

கண்டிச் சண்டைக்குப் போயிருக்கிற என் மகன் பச்சைமுத்துவுக்கு அம்மா அங்காளம்மாள் ஆசி கூறி எழுதச் சொல்வது. இங்கே நானும் உன் பெண்சாதி ருக்குவும் சுகம், உன் கை கால் வயிறு எல்லாம் சுகமா என்று சொல்லி அனுப்பவும். ருக்குவுக்கு ஏழாம் மாதம், மாங்காய் கேட்கிறாள், மார்கழியில் மாங்காய்க்கு நான் எங்கே போக, புளியங்காயைக் கொடுத்து ஏமாற்றுகிறேன்.

அங்கிருந்து காலில் காயத்தோடு திரும்பிய வேலு, நான் பேசினது அங்கே என்ன செய்தது என்று எல்லாம் சொன்னான். ஏரியில் யார் எங்கே வலை விடுவது என்று சீட்டுப் போடுகிற பாடு கூட்டத்தில் ஆடி மாதம் உன் பேரைக் கூப்பிட்டார்கள். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை, நான்தான் போனேன். ஆள் இருக்கிறான் என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், "எவனோ திங்கிற லவங்கப்பட்டைக்கு எம்புள்ளய சாக அனுப்பிச்சிருக்கீங்க"னு சொல்லிவிட்டேன். ஏரிப் பேச்சு ஏரியோடு போகும் என்று நினைத்தேன். தோணிக்காரர் வாய்வழியாக அது நீங்கள் கூடாரம் போட்டிருக்கிற பாளையத்துக்கே வந்துவிட்டதாம். அன்றைக்கு ஒருத்தனும் சோறு தின்னவில்லையாம். தேசப்பன் "அந்தம்மா சொல்றது நெசந்தானே"னு துப்பாக்கியைப் போட்டுவிட்டு உட்கார, கட்டி வைத்து முதுகில் அடித்தார்களாம். "எங்கம்மாவ வாய மூடிக்கினு இருக்கச் சொல்லு, இங்க நிக்கிறவனுக்குக் காலு நடுங்குது"னு வேலுவிடம் நீ சொன்னாயாம்.

வெள்ளைக்காரர் கோட்டைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற நம் ஊர்ப் பெரியதனக்காரரும் முன்பே அதட்டினார், "இன்னா அங்காளம்மா, புள்ளைங்க மனச ஒடிக்கிற, இன்னொரு வாட்டி பேசினா உம்புள்ள பேரப் பாடுல இருந்து எடுத்துடுவேன்"னு. தன் பிள்ளை ஒருத்தனையும் அனுப்பாதவர் பேசலாம். புழுத்த அரிசியும் காட்டுக் காய்ச்சலும் ஒடிக்காத மனதையா நான் ஒடித்தேன்? ஆனால் நீ சொன்னது வேறு, அது என்னைச் சுட்டது. பயத்தோடு நிற்கிறவன் காதில் பெற்றவளே வீண் சாவு என்றால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அதனால் போன வெள்ளிக்கிழமை மறுபடி பாடு கூட்டம் கூடி உன் பேரைக் கூப்பிட்டபோது "இருக்கான்"னு மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அடுத்தது தேசப்பன் பேர். ஆடியில் "பொம்பளைக்கு இன்னா பேச்சு"னு என்னை அடக்கினாரே அவன் அப்பா மாணிக்கம், அவர் எழுந்தார். "இருக்கான். முதுகு கிழிஞ்சி இருக்கான். எதுக்குனு நீயே சொல்லு"னு பெரியதனக்காரரைக் கேட்டார். கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவர் தேசப்பன் பேரைப் பாடிலிருந்து எடுக்கத் துணியாமல் அடுத்த பேருக்குப் போய்விட்டார். எனக்கு மனம் குளிர்ந்தது, உன்னிடம் ஏன் மறைக்க.

இதுவும் தோணியேறி அங்கே வரும். வருமுன் நானே சொல்கிறேன். நாங்கள் கேட்பது உங்களை அனுப்பினவரை, உங்களை இல்லை. இதைத் தேசப்பனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல். கால் நடுங்கினால் ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் போடாதே, போட்டால் அடிப்பார்கள். தேசப்பன் முதுகுக்கு எண்ணெய் தடவிவிடு. கலங்கல் தண்ணீர் குடிக்காதே.

கங்கையம்மன் உன்னை விட்டு நகராமல் காக்கட்டும். நான் சொன்னதை மறக்காதே. அடுத்த ஆடிக்கு உன் பேரைக் கூப்பிடும்போது நீயே வந்து பதில் சொல்ல வேண்டும், அத்தனை நேரம் தரையில் உட்கார என் இடுப்பு கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா அங்காளம்மாள் கைக்கீறல்