கோஸ்பல் என்றால் நல்ல சேதி

இன்று காலை பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நற்செய்திக் கூட்டத்து நோட்டீஸ் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். புது மையின் வாசனை. படிப்பதற்கு முன்பே உன் சிரிப்பு கேட்டது. நீ போய் இரண்டு வருடமாகிறது என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

சேலையூர் அச்சகத்தில் நாம் எதிரெதிர் மேசையில் பிழை திருத்திய காலம். அன்றைக்கும் இப்படி ஒரு நோட்டீஸ்தான் வந்தது. தலைப்பில் 'கோஸ்பல்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக.

"காட், ஸ்பெல் ரெண்டும் சேர்ந்ததுடி. கடவுளோட மந்திரம்," என்று அடித்துச் சொன்னாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நீ. நான் நம்பவில்லை என்றதும் உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோத்தா நாளைக்கு உனக்கு மீன் கொழம்பு!"

முதலாளி அறையிலிருந்த தடித்த அகராதியைத் தூக்கி வந்தோம். பழைய ஆங்கிலத்தில் அது 'கோட்ஸ்பெல்'; முன்பாதி 'கோட்' என்றால் 'நல்ல' என்று பொருளாம். 'ஸ்பெல்' என்றால் சேதி. காலப்போக்கில் 'கோட்' குறுகி 'காட்' போல ஒலித்ததும், முன்பாதியைக் கடவுள் என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்களாம்.

"அட, நம்ம சுவிசேஷமும் அதானேடி! சு-ன்னா நல்ல. விசேஷம்னா சேதி!" தோற்றதை மறந்து குதித்தாய். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாய். கல்யாணமாகி எட்டு வருடமாக, பார்க்கிறவர்களெல்லாம் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுக் கேட்டு என்னைக் குத்திய சொல் அது. ஒருநாளும் கேட்காத ஒரே ஆள் நீதான்.

அன்று காலை லேபில் வாங்கிய தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து உன் முன்னால் வைத்தேன். முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், முடியவில்லை.

படித்தாய். பிழை திருத்துகிறவளல்லவா, எழுத்தெழுத்தாக மறுபடியும் படித்தாய். அப்புறம் கேம்ப் ரோட்டுக்கு ஓடி, டீக்கடை அண்ணாவிடம், பஸ்ஸுக்கு நின்றவர்களிடம், "எங்காளு அம்மாவாகப் போறா!" என்று கத்தினாய்.

"மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுடி!" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"போடி. மூடி வெச்சா அது சேதியா? சொன்னாதான் சேதி."

"கரீட்டா சொன்னம்மா," என்ற டீக்கடை அண்ணா, என் டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

போன மாதம் மகளுக்கு வேலை கிடைத்தது. போனில் கேட்டதும் வெளியே ஓடினேன். லிஃப்டிலிருந்து பார்சலோடு வந்த, முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னேன். திகைத்துப்போனவர், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "சூப்பர்க்கா!" என்று கை கொடுத்தார்.

நல்லது நடந்தால் எனக்கு வாய் நிற்பதில்லை. எல்லாம் நீ கெடுத்துவைத்தது.